நெல் அவிக்கிற வாசனை

எங்கள் பெரியப்பா நெல் பார்த்தால் பார்த்ததுதான். நாற்பது வருஷம் நெல் தரகு. மூட்டையில் குத்தூசி விட்டு நாலு மணியை எடுப்பார். ஒன்றைப் பல்லில் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் காய்ந்த நெல். நசுங்கினால், "இன்னும் ரெண்டு வெயில் காட்டுப்பா" என்று அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார். பி.காம். படித்த எனக்கு விலை தெரியும். அவருக்குச் சரக்கு தெரியும்.

2025 தீபாவளிக்கு, பாபநாசம் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். விடாத மழை. சிங்கப்பூரில் இருந்து வந்த தம்பி, ஜானி வாக்கர் டபுள் பிளாக் வாங்கி வந்திருந்தான். பெரியம்மா தூங்கினதும் மாடி அறையில் திறந்தோம்.

பெரியப்பா உடனே குடிக்கவில்லை. உள்ளங்கையில் ரெண்டு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தார்.

"என்னடா, நெல் அவிக்கிற வீட்டு வாசனை அடிக்குது. ஈர உமியைப் போட்டுப் புகைய விட்ட மாதிரி!"

தார் வாசனை, டிஞ்சர் வாசனை என்றெல்லாம் நான் படித்திருக்கிறேன். அவர் சொன்ன பிறகு உமியடுப்பைத் தவிர வேறெதுவும் என் மூக்குக்குத் தெரியவில்லை. ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுக் குடித்தேன். முதலில் லேசான இனிப்பு, அப்புறம் மிளகுக் காரம், கடைசியில் தொண்டையில் புகை. புகைதான் தூக்கல், நடுவில் ருசி கொஞ்சம் மெலிவு. என் ஓட்டு இன்னமும் பிளாக் லேபிளுக்குத்தான்.

புகை எப்படி வந்தது என்று பெரியப்பா கேட்டார். ஸ்காட்லாந்தில் பார்லியை ஊற வைத்து, முளைவிட வைத்து, முளை மேலே வளராமல் சூட்டில் காய வைப்பார்கள். ஐலா மாதிரி தீவுகளில் விறகுக்குப் பஞ்சம். சதுப்பில் ஆயிரக்கணக்கான வருஷமாகப் பாதி மட்கிக் கிடக்கும் பாசியையும் செடிகொடிகளையும் வெட்டிக் காய வைத்து எரிப்பார்கள். பீட் என்று பெயர். அந்தப் புகை தானியத்தில் ஏறிக்கொள்ளும். இப்படி வடித்த மால்ட்டோடு வேறு தானிய விஸ்கியைக் கலந்தால் பிளெண்டட்.

"கலப்படம்னு சொல்லு."

"கலவை, பெரியப்பா."

"பொன்னியில பிபிடியைக் கலந்துட்டு நானும் அப்படிச் சொல்லியிருக்கலாமோ? சரி, எத்தனை வருஷப் பழசு?"

பிளாக் லேபிளில் 12 என்று இருக்கும். இதில் வருஷமே போடவில்லை. மூணு வருஷமாவது மரப்பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம் என்றேன். பழைய அரிசிக்கே வருஷம் கேட்டு வாங்குகிற மனுஷர், உதட்டைப் பிதுக்கினார்.

அப்புறம் மெதுவாகக் கேட்டார், "முளைக்கவா வைக்கிறான்?"

"ஆமாம்."

சட்டைப் பையில் இருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து கிளாஸ் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு மணியிலும் வெள்ளையாக முளை. அவருடைய குறுவை. கொள்முதல் நிலையத்து வாசலில் பன்னிரண்டு நாளாகக் குவித்துக் கிடக்கிறது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மழையில் எங்கே காய்வது? அந்த வருஷம் பொது ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். என் கணக்குப்படி அந்த பாட்டில் ஒன்றரைக் குவிண்டாலுக்கு மேல்.

"அவன் முளைக்க வச்சுக் காசு பாக்குறான். நமக்கு முளைச்சா தொட ஆளில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தரகர் விலை சொல்கிற குரல்தான்.

ரெண்டாவது ரவுண்டு வேண்டாம் என்றுவிட்டார். மழை கொஞ்சம் விட்டதும் டார்ச்சை எடுத்துக்கொண்டு, தார்ப்பாயைச் சரிபண்ணக் கிளம்பினார். நானும் பின்னாலேயே போனேன். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். உள்ளே வெதுவெதுவென்று சூடாக இருந்தது.