பெட்டியின் பெயரும் ஓரத்தின் எண்ணும்

படச்சுருள் விற்கும் இணையக் கடைகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. ஃபிலிம் மறுபிறவி எடுத்துவிட்டதென்று நண்பர்கள் மகிழ்கிறார்கள். அம்மகிழ்ச்சியில் என்னால் முழுமையாகக் கலந்துகொள்ள இயலவில்லை. பெருகியிருப்பவை பெயர்கள். ஒளியுணர் குழம்பைப் பூசும் பெரிய ஆலைகளோ அமெரிக்காவின் ராச்செஸ்டர், இங்கிலாந்தின் மாபர்லி, பெல்ஜியத்தின் மோர்ட்செல் என விரல்விட்டு எண்ணத்தக்கவை.

ஜப்பானிய நிறுவனமான ஃபூஜிஃபிலிமின் 200 வண்ணச்சுருள் பெட்டியில் இப்போது ‘அமெரிக்காவில் தயாரிக்கப்பட்டது’ என்றிருக்கிறது. அதன் தரவுத்தாள் கோடாக் கோல்டு 200-இன் தரவுத்தாளோடு ஏறத்தாழ ஒத்துப்போகிறது. சினிஸ்டில் 800டி என்பது கோடாக்கின் விஷன்3 500டி திரைப்படச் சுருள். பின்புறக் கரிப்பூச்சு மட்டும் இராது. விளக்குகளைச் சுற்றி அதில் தோன்றும் செந்நிற ஒளிவட்டத்தை அழகியல் என்று கருத்தரங்குகளில் வியக்கிறோம். ஃபிலிமை ஊடுருவிய ஒளி பின்னிருந்து திரும்பாமல் தடுத்த பூச்சு நீங்கியதன் விளைவு அது, அவ்வளவே. ரோலை பெயரில் வரும் ரெட்ரோ 80எஸ், வான்வழிப் படமெடுப்புக்காக அக்ஃபா செய்த சுருளின் வழிவந்தது.

இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆலை மிகப் பெரிய அளவில் பூசுகிறது. 36 படங்களுக்கு ஒன்றரை மீட்டர் சொச்சம் போதும். இடையில் வெட்டி அடைத்துத் தருபவர் ஒருவர் வேண்டும். நம் நாட்டிலும் 400 அடித் திரைப்படச் சுருளை வாங்கி, இருட்டறையில் வெட்டி, ஏறக்குறைய 70 சிறு சுருள்களாக விற்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். இறக்குமதிப் பெட்டியின் விலை ஆய்வு உதவித்தொகைக்கு எட்டாதபோது அவர்களே துணை. என் நெகடிவ்களில் பாதிக்குமேல் அவர்கள் கைபட்டவை.

ஆயினும் பெயர்ப்பெருக்கம் ஒரு பொய்யான பாதுகாப்பு உணர்வைத் தருகிறது. ஒன்று போனால் வேறொன்று கிடைக்கும் என்று எண்ணுகிறோம். ஓர் ஆலை நின்றால் அதை நம்பிய பெயர்கள் அனைத்தும் சேர்ந்தே போகும். 1960-இல் உதகையில் நிறுவப்பட்ட இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், நிலவைக் குறிக்கும் ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் விற்றது. அது மூடப்பட்டுவிட்டது. இன்று நம்மவர் கையில் எஞ்சியிருப்பவை வெட்டுவதும் பெயரொட்டுவதுமே.

காப்பகங்களுக்கு வரவிருக்கும் சிக்கல் இன்னும் நுட்பமானது. சாயம் மங்குவது குழம்பின் வேதியியலையும் கழுவிய முறையையும் பொறுத்தது; பெட்டியின் நிறத்தைப் பொறுத்ததன்று. கரிப்பூச்சு இருப்பதைச் சொல்லாத சீட்டை நம்பி வழக்கமான வண்ணக் கழுவலுக்குச் சுருளைக் கொடுத்தால், கரி கரைசலில் உதிர்ந்து பிறர் படங்களிலும் ஒட்டும். இதனாலேயே ஆய்வகங்கள் கையால் எழுதிய சீட்டைக் கண்டதும் முகம் சுளிக்கின்றன. ஆனால் கழுவிய திரைப்படச் சுருளின் ஓரத்தில் ஆலையிட்ட குறியெண் துலங்கும்; 500டி என்றால் 5219.

அந்த எண்ணையும், விற்றவர் இட்ட பெயரையும், கழுவிய முறையையும் நெகடிவ் உறையின்மேல் பென்சிலால் எழுதி வையுங்கள். மை காலப்போக்கில் ஊறும்.