எழுதுகிறவளுக்கு வீடு தர வேண்டியது

கல்யாணமான பெண் கதை எழுத உட்கார்ந்தால் வீட்டில் வரும் முதல் கேள்வி, "வேலையெல்லாம் முடிஞ்சுதா?" வீட்டு வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது? முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தால் நாவல் மனசோடு போய்விடும்.

தாம்பரத்தில் குடியிருப்பதாலோ என்னவோ, இதை யோசிக்கும்போதெல்லாம் எழுத்தாளர் ராஜம் கிருஷ்ணன் ஞாபகத்துக்கு வருகிறார். இதே ஊரில் வாழ்ந்தவர். 1925இல் முசிறியில் பிறந்து, 15 வயதில் கல்யாணமானவர். கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கணவர் மின் பொறியாளர். வேலை நிமித்தம் நீலகிரிக்குப் போனபோது, ராஜம் கிருஷ்ணன் படகர்களின் வாழ்க்கையை உற்றுக் கவனித்து 'குறிஞ்சித்தேன்' எழுதினார். பிறகு தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களிடம் போய்க் கேட்டு எழுதியது 'கரிப்பு மணிகள்'. 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது. தமிழில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

என்னை வியக்க வைப்பது விருதல்ல, அந்த உப்பளப் பயணம். குடும்பப் பெண் ஒருத்தி நோட்டுப் புத்தகத்தோடு வெளியூர் போய், முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கு வீடு சம்மதிக்க வேண்டும். அவருக்கு முந்திய தலைமுறையில் வை.மு. கோதைநாயகிக்கும் கணவர் அப்படித்தான் துணை நின்றார். ஆரம்பத்தில் எழுதவே தெரியாமல், தோழியிடம் கதை சொல்லி எழுதவைத்தவர், பின்னால் நூற்றுக்கு மேல் நாவல்கள் எழுதினார்.

என் எழுத்து கடற்கரை மின்ரயிலில் நடக்கிறது. தாம்பரத்தில் புறப்படும் வண்டியானால் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் கிடைக்கும். எதிரே ஒரு அம்மா மடியில் செய்தித்தாளை விரித்து ராத்திரி சமையலுக்கு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருப்பார். பக்கத்தில் ஒரு பெண் மல்லிகை தொடுப்பாள். நான் செல்போனில் தட்டுவேன். குரோம்பேட்டை வந்தால் கூட்டம் தோளில் சாயும், பல்லாவரத்தில் யோசனை அறுந்துபோகும். இப்படிச் சிறுகதை எழுதிவிடலாம். நாவல் வராது. இருபதாம் அத்தியாயத்தை எழுதும்போது மூன்றாவது மனசில் இருக்க வேண்டும். அதற்குக் கூப்பிடு குரல் இல்லாத மணி நேரங்கள் வேண்டும். எனக்கு அவை என் மாமியாரால்தான் கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "நீ போய் எழுதும்மா, பசங்களை நான் பாத்துக்கறேன்" என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் காலத்துக்கும் கடமைப்பட்டவள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கணவர் இறந்தபின் ராஜம் கிருஷ்ணன் கைப்பொருளை இழந்து, பாலவாக்கம் விச்ராந்தி முதியோர் இல்லத்துக்குப் போனார். 2009இல், அவர் இருக்கும்போதே, அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கிப் பணம் தந்தது. 2014இல் காலமானார். அத்தனை உழைத்தவருக்குக் கடைசியில் சொந்தக் கூரை இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் வீட்டில் எழுதுகிற மனைவியோ மருமகளோ இருந்தால், வாரத்தில் ஒரு மத்தியானத்தை அவளுக்கு விட்டுக்கொடுங்கள். எழுதி வரும் பணம், நூறு ரூபாயானாலும், அவள் பெயரில் உள்ள கணக்கில் சேரட்டும்.