தேம்ஸ் நதியில் மூழ்காத நாவல்

கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் அமிழ்த்திவிடு என்று நண்பருக்கு எழுதிவிட்டார் ஆர்.கே. நாராயண். அமிழ்த்த வேண்டியது அவருடைய முதல் நாவலின் பிரதி. மைசூரிலிருந்து கப்பல் தபாலில் லண்டனுக்குப் போகும். போன வேகத்தில் திரும்பிவிடும். ஒவ்வொரு பதிப்பாளரும் வேண்டாம் என்றபோது அவருக்கு அலுத்துவிட்டது.

ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த நண்பர் பூர்ணா நல்லவேளையாகச் சொல்பேச்சுக் கேட்கவில்லை. அதே ஊரில் அப்போது வசித்த இளம் எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீனுக்குப் பிடித்துப்போனது. அவர் சிபாரிசில் ஹாமிஷ் ஹாமில்டன் நிறுவனம் 1935-ல் நாவலை வெளியிட்டது. நாராயணுக்குச் சேதி தந்தியில் வந்தது.

ஆனால் புத்தகம் கடைக்குப் போகும்முன் இரண்டு விஷயங்கள் மாறியாக வேண்டியிருந்தது. ஒன்று தலைப்பு. 'ஸ்வாமி, த டேட்' என்று அவர் வைத்திருந்தது 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' ஆயிற்று. கிப்ளிங்கின் பள்ளிக்கூடக் கதையை வாசகர்களுக்கு நினைவூட்டினால் விற்பனைக்கு நல்லது என்பது கணக்கு. இன்னொன்று பெயர். நாராயணஸ்வாமி என்பது ஆங்கில வாசகரின் வாயில் நுழையாதாம். பாதிப் பெயரை உதிர்த்துவிட்டு நாராயண் ஆனார். புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்த பையனுக்கு சந்தை வைத்த பெயர் அது. அவர் முணுமுணுக்கவில்லை.

இவ்வளவு செய்தும் புத்தகம் விற்றதா? மதிப்புரைகள் நன்றாகவே வந்தன. விற்பனைதான் இல்லை. அடுத்த நாவல் 1937-ல் வேறு பதிப்பாளரிடம் போனது. 1938-ல் வந்த மூன்றாவது நாவல் இன்னொருவரிடம். 1945-ல் நான்காவது நாவலுக்கு நான்காவது பதிப்பாளர். ஒவ்வொரு முறையும் வீடு மாறும் குடித்தனக்காரர் நிலைமைதான்.

இத்தனைக்கும் எழுத்தைத் தவிர வேறு பிழைப்பு வேண்டாம் என்று முடிவு செய்தவர் அவர். தலைமையாசிரியர் மகன். ஆனாலும் கிடைத்த வாத்தியார் வேலையைச் சில நாட்களிலேயே உதறிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். 1930-ல் பாட்டி பார்த்துச் சொன்ன நல்ல நாளில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நாவலைத் தொடங்கினார். மால்குடி என்ற ஸ்டேஷன் மனதில் வந்து நின்றது. ஆனால் மால்குடி அரிசி வாங்கித் தராதே. மணமான பிறகு, பிராமணரல்லாதார் இயக்கத்தின் பத்திரிகையான 'ஜஸ்டிஸ்'சுக்கு இந்தப் பிராமண இளைஞர் மைசூர் நிருபர் ஆனார். அச்சான செய்தியின் நீளத்தை அளந்து கூலி. கோர்ட், சந்தை, முனிசிபாலிட்டி என்று செய்தி தேடி அலைந்தார். மால்குடி மனிதர்கள் பேசும் பேச்சு அந்த அலைச்சலில் காதில் விழுந்ததுதான்.

1939-ல் டைபாய்டு ஜுரத்தில் மனைவி ராஜம் இறந்துபோனார். கையில் சின்னப் பெண் குழந்தை. பேனா நின்றுவிட்டது. மீண்டு எழுதியபோது அந்தத் துக்கமே 'தி இங்கிலீஷ் டீச்சர்' நாவல் ஆனது. அதை ராஜத்துக்கே சமர்ப்பித்தார்.

இதற்கிடையே யுத்தம் வந்து லண்டன் வழி அடைபட்டது. சரி, நாமே போடுவோம் என்று துணிந்தார். முதலில் 'இண்டியன் தாட்' என்று ஒரு பத்திரிகை. கார் விற்பனையில் இருந்த மாமா ஒருவர் சந்தா சேர்க்கக் கிளம்பினார். கார் விற்கத் தெரிந்தவருக்குச் சந்தா பிடிப்பதா கஷ்டம்? சென்னை நகரில் மட்டும் ஆயிரத்துக்கு மேல் சேர்த்துவிட்டார். நாராயணுக்குத்தான் பத்திரிகை நடத்தத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்குள் நின்றுபோனது. அதே பெயரில் தொடங்கிய பதிப்பகம் மட்டும் பிழைத்துக்கொண்டது. 'மால்குடி டேஸ்' கதைத் தொகுதி 1942-ல் அங்கிருந்துதான் வந்தது.

அவர் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று புலப்படும். எழுதியது அவர், வாசகரிடம் கொண்டு சேர்த்தது எப்போதும் இன்னொருவர் கை. ஆக்ஸ்போர்டு நண்பர், கிரீன், கார் விற்ற மாமா. பூர்ணா நண்பரின் சொல்லைத் தட்டாதவராக இருந்திருந்தால் மால்குடி நதியோடு போயிருக்கும். அப்படி ஒரு நண்பர் வாய்க்காத எழுத்தாளர்கள் எத்தனை பேர்? அவர்கள் பிரதிகள் எந்த ஆற்றில் கிடக்கின்றனவோ.

பெயரை வெட்டியபோது பேசாமலிருந்தவர் ஒருமுறை வெகுண்டார். அமெரிக்காவில் தங்கியிருந்தபோது எழுதிய 'தி கைட்' 1958-ல் வந்து, 1960-ல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. ஆங்கிலப் படைப்புக்கு அகாதெமி கொடுத்த முதல் பரிசு. படமெடுக்க வந்தவர்களுக்கு மைசூர்ப் பக்கத்து ஆற்றையும் கோயிலையும் தெருக்களையும் அவரே சுற்றிக் காட்டினார். ஆனால் 1965-ல் வெளிவந்த படத்தில் கதை ராஜஸ்தானில் நடந்தது. வண்ணமும் பிரம்மாண்டமும் வேண்டுமே! கசப்பையெல்லாம் சிரிப்பாக மாற்றி ஒரு கட்டுரை எழுதினார். தன் பெயர் போனால் போகட்டும், தன் ஊர் போகக் கூடாது என்பது அவர் கட்சி. படம் அமோகமாக ஓடியது, புத்தகத்தையும் ஓட்டியது. அந்த லாபத்திலும் வலி இருந்தது.

1986-ல் ராஜ்யசபாவுக்கு நியமன உறுப்பினராகப் போனார். 1989-ல் அவர் பேசிய முதல் பேச்சு இலக்கியத்தைப் பற்றியதல்ல; தன் புத்தகங்களைப் பற்றியும் அல்ல. பள்ளிப் பிள்ளைகளின் முதுகை வளைக்கும் புத்தக மூட்டையைப் பற்றியது. பின்னால் சுமையில்லாத கல்வியை ஆராய்ந்த யஷ்பால் குழு 1993-ல் அறிக்கை தந்தபோது அந்தப் பேச்சை நினைவுகூர்ந்தது.

2001-ல் சென்னையில் காலமானார். மைசூர் யாதவகிரியில் அவர் கட்டிய வீடு இடிபடும் நிலைக்குப் போய்த் தப்பி, 2016-ல் அருங்காட்சியகமானது. தன் நாவல்களை விற்க மேடை ஏறக் கூசியவர், ஸ்வாமிநாதன்களுக்காக நாடாளுமன்றத்தில் எழுந்து பேசினார். அவர் செய்த மிகச் சிறந்த விளம்பரம் அதுதான். அதில் விற்பதற்கு ஒன்றுமே இல்லை.