எழுபத்து நான்கும் இருபத்தொன்றும்

தில்லியில் பாலம் பக்கம் குடியிருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேச்சின் நடுவே சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். தலைக்கு மேல் விமானம் கடந்து போனதும், விட்ட சொல்லிலிருந்து மறுபடி தொடங்குவார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்கள் முதலில் திகைப்பார்கள்; இரண்டே நாளில் அவர்களுக்கும் இது கைவந்துவிடும். அப்பாவுக்கு மத்திய அரசில் வேலை கிடைத்து, அம்பாசமுத்திரத்திலிருந்து நாங்கள் இங்கே குடிபெயர்ந்தபோது எனக்கு வயது நான்கு. ஹிந்தி பேச வருமுன்பே, வாலில் தீட்டிய சித்திரத்தைக் கொண்டு எது எந்தக் கம்பெனி விமானம் என்று சொல்லக் கற்றுவிட்டேன். சித்திரத்தைக் கொண்டுதான், நிறத்தைக் கொண்டல்ல. அது ஏன் என்று அப்போது யாருக்கும் தெரியாது, எனக்கும்தான்.

விமானியாவது என்று முடிவு செய்தது ஒன்பதாவது வயதில். 1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டையோடு தாமே விமானத்தை ஓட்டி வந்த வரலாற்றைப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் மூன்று வருடம் விடாமல் பேசினேன். தலைப்பு எதுவானால் என்ன? 'சுற்றுப்புறத் தூய்மை' என்று கொடுத்தபோதுகூட, எப்படியோ டாட்டாவைக் கொண்டுவந்து இறக்கிவிட்டேன்.

பௌதிகமும் கணிதமும் எடுத்துப் பன்னிரண்டாம் வகுப்புத் தேற வேண்டும், பதினெட்டு வயது நிரம்ப வேண்டும், 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்ற விதிகளெல்லாம் எனக்கு மனப்பாடம். பணத்தைப் பற்றி மட்டும் நான் யோசித்ததில்லை. பயிற்சிக்கு ஏறத்தாழ ஐம்பது லட்சம் ரூபாய் ஆகும் என்பதை அப்பாதான் விசாரித்துக்கொண்டு வந்தார்.

அன்று இரவு நான் தூங்கிவிட்டதாக நினைத்து இருவரும் பேசினார்கள். ஊரில் இருக்கும் நஞ்சையை விற்பது. அம்மாவின் நகைகளை வைப்பது. மீதிக்கு வங்கியில் கடன். "நிலம் என்ன, நம்மோடு தில்லிக்கா வரப்போகிறது?" என்றார் அப்பா. அம்மா நெடுநேரம் பேசவில்லை. கடைசியில், "பையன் தேறிவிடுவான் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். போர்வைக்குள் எனக்கு வியர்த்துக்கொட்டியது.

முதலில் உடற்பரிசோதனை. பார்வை, காது, இருதயம் எல்லாம் சரியாக இருந்தன. பிறகு ஒரு புத்தகத்தை எடுத்தார்கள். ஜப்பானிய மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட சோதனை அது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகள். புள்ளிகளுக்குள் ஓர் எண் ஒளிந்திருக்கும். முதல் பக்கத்தில் 12. அதை எல்லோரும் படிக்கலாம், நானும் படித்தேன். பிறகு வந்த ஒரு பக்கத்தில் "21" என்றேன். "நன்றாகப் பார்" என்றார் மருத்துவர். நன்றாகப் பார்த்தேன். 21தான். அங்கே இருந்தது 74.

இருட்டறையில் சின்னஞ்சிறு விளக்குகளைக் காட்டியும் கேட்டார்கள். பாதி ஊகம், பாதி பிழை. "பேட்டா, உட்கார்" என்று அவர் கனிவாகச் சொன்னபோதே விஷயம் விளங்கிவிட்டது.

விதியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஓடுபாதையின் ஓரத்தில் நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்று தெரிந்தால் விமானம் சரியான சரிவில் இறங்குகிறது. நான்கும் வெள்ளையானால் உயரம் அதிகம். நான்கும் சிவப்பானால் மிகத் தாழ்ந்துவிட்டோம் என்று பொருள். இறக்கையிலும் அப்படித்தான்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. எத்தனையோ இரவுகள் மொட்டைமாடியில் நின்று அந்த விளக்குகளைப் பார்த்திருக்கிறேன். இடப்பக்கம் சிவப்பு என்று படித்திருந்ததால், இடப்பக்கத்தைச் சிவப்பாகவே கண்டிருக்கிறேன்!

இனி எழுதப்போவதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் நெஞ்சில் முதலில் எழுந்தது துக்கமல்ல, நிம்மதி. நிலம் தப்பியதே என்ற நல்லெண்ணம் அதில் கொஞ்சம் இருந்தது, பெரும்பகுதி பயம். உரிமம் பெற்றும் வேலைக்காகக் காத்திருப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேன். ஐம்பது லட்சத்தை விழுங்கிவிட்டு நானும் அப்படி வீட்டில் உட்கார்ந்திருந்தால்? "பயமாக இருக்கிறது, வேண்டாம்" என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அதை என் கண் எனக்காகச் சொல்லிவிட்டது. இரண்டு நாள் அழுததும் பொய்யல்ல. ஆனால் ஐந்து வருடமாக, "பாவம், கண்ணால் போயிற்று" என்று மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம் நான் தலையை ஆட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அம்மாவின் கதை வேறு. ஊரில் இருக்கும் என் தாய்மாமா, சிறுவயதில் பழுத்த மிளகாயையும் காயையும் ஒன்றாகப் பறித்துப் போட்டதற்காகத் தாத்தாவிடம் அடி வாங்கியவர். அவர் எடுத்துவரும் தீபாவளிச் சட்டையின் நிறத்தைப் பார்த்து வீடே சிரிக்கும்; எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பது அம்மாதான். பரிசோதனைக்கு மறுநாள் அவள் மெல்லக் கேட்டாள்: "மாமாவுக்கு இருக்கிறதே, அதுவா உனக்கும்?" முந்தின இரவே நான் படித்திருந்தேன். இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருவது, தாய் சுமப்பாள், அவள் பார்வைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, மகனுக்குத்தான் தெரியவரும். "இல்லையம்மா, இது வேறு" என்றேன். அவள் நம்பவில்லை. அதன்பின் மாமாவின் சட்டையைப் பார்த்து அவள் சிரித்ததே இல்லை.

இப்போது எம்.எஸ்ஸி. ரசாயனம் படிக்கிறேன். நிறம் தெரியாதவன் தேடிப் பிடித்த துறையைப் பாருங்கள்! பட்டவகுப்பில் ஸ்ட்ரான்ஷியத்தின் சிவப்புச் சுடரையும் பேரியத்தின் பச்சைச் சுடரையும் பக்கத்து மேசை நண்பன்தான் எனக்குச் சொல்லித் தந்தான். பதிலுக்கு அவனுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். இங்கே கருவிகள் அலைநீளத்தை எண்ணாகவே காட்டிவிடுவதால் பிழைத்தேன்.

அணுக் கொள்கையை வகுத்த ஜான் டால்டனுக்கும் இதே குறை. 1794-இல் அதைப் பற்றிக் கட்டுரையே படித்தார். தம் கண்ணுக்குள்ளிருக்கும் நீர் நீலமாக இருப்பதே காரணம் என்று கருதி, இறந்தபின் கண்ணை அறுத்துப் பார்க்கச் சொன்னார். 1844-இல் பார்த்தார்கள், நீர் தெளிவாகத்தான் இருந்தது. காத்து வைத்திருந்த அந்தக் கண்ணின் மரபணுவை ஆராய்ந்து 1995-இல் உண்மையைக் கண்டார்கள். அவருக்கு இருந்ததும் தாய்வழி வருவதுதான்.

சென்ற தீபாவளிக்கு மாமா வந்தபோது ஒரு சட்டை கொண்டுவந்தார். அம்மா பேசாமல் வாங்கி மடித்து வைத்தாள். அன்றிரவு அவளிடம் உள்ளதைச் சொன்னேன். பயந்ததை அல்ல, கண்ணைப் பற்றி மட்டும். டால்டன் கதையையும் சொன்னேன். அவருடைய அண்ணனுக்கும் அந்தக் குறை இருந்தது என்றேன்.

அம்மா சற்று யோசித்தாள்.

"இரண்டு பிள்ளைகளுக்குமா?" என்றாள். "பாவம், அந்த அம்மாள்."