வேளைக்காரப் படையின் கல்லுக்கு

அன்புள்ள கல்லே, பொலன்னறுவையில் அட்டதாகே என்ற இடிபாட்டின் பக்கத்தில் வெயிலும் மழையும் தாங்கி நிற்கிற உனக்கு, களனி கங்கைக்கு வடக்கே, ஹெந்தளையிலிருந்து எழுதுகிறேன். முதலாம் விஜயபாகு காலத்துப் போர்களை வைத்து நண்பர்கள் சேர்ந்து ஒரு வியூக விளையாட்டு உருவாக்குகிறோம். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், மட்டையில் வெட்டிய படைக்காய்கள், பகடை. மன்னன் 1055 முதல் 1110 வரை ஆண்டான், 1070இல் சோழரை வெளியேற்றினான் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே கிடைத்துவிட்டது. அவனிடம் சேவகம் செய்த வேளைக்காரப் படைக்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டபோதுதான் மேசை அமைதியானது. அதற்குப் பதில் சொன்னவன் கல்வெட்டான நீ. அதையும் படைக்காரர் தம் வாயாலேயே தமிழில் பேசுவதாகச் சொன்னாய்.

கல்லே, நீ தந்த பெயர்களை முதன்முதலாகக் கொப்பியில் எழுதிய இரவை மறக்கமாட்டேன். வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர், பரிவாரக்கொந்தம், பலகலனை. இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிவரிசையில் அடுக்க முடியாது. வலங்கை, இடங்கை என்பவை ஒருவகைப் பிரிவு. வடுகரும் மலையாளரும் வந்த நாட்டால் அறியப்படுகிறவர்கள். பரிவாரம் அரசனை ஒட்டி நிற்பது. எங்கள் ஊர்ப்பக்கமும் ஒரு போரைக் கண்டதுதான். 1796 பெப்ரவரியில் ஆங்கிலேயர் நீர்கொழும்பிலிருந்து இந்தப் பக்கமாகத்தான் கொழும்பின் மீது வந்தார்கள். அந்தப் படைக்குக் காய் செய்வது சுலபம்: 52, 73, 77 என்று ரெஜிமெண்டுகளுக்கு இலக்கமே இருக்கிறது. உன் படைக்கு இலக்கம் இல்லை. உறவும் ஊரும் கையும் சேவகமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. ஆகவே எங்கள் காய் ஒவ்வொன்றிலும் இரண்டு நிறம் பூசினோம், ஒன்று அது எந்தப் பிரிவு என்பதற்கு, மற்றது அது யாருடைய ஆள் என்பதற்கு. விளையாட்டுக்கு உயிர் வந்தது அதன் பிறகுதான்.

கல்லே, வணிகரையும் நீதான் அழைத்து வந்தாய். வேளைக்காரர் கூடி முடிவெடுக்கும்போது, தங்களுக்கு மூத்தவர்களான வளஞ்சியரையும் நகரத்தாரையும் கூட்டிவைத்துக்கொண்டே பேசுகிறார்கள். படையின் சபையில் வணிகருக்கு என்ன வேலை என்று கேட்ட நண்பருக்கு உன் வரிகளைத்தான் காட்டினேன். யானைக்கும் குதிரைக்கும் சம்பளத்துக்கும் வழி செய்கிறவர்கள் பலகைக்கு வெளியே நிற்க முடியாது. உணவும் பணமும் எங்கிருந்து வருகின்றன என்று காட்டாத போர் விளையாட்டு எனக்கு இனிப் பிடிக்காது.

கல்லே, உன்னைத் தனியாகவே வாசித்திருந்தால் பாதிதான் விளங்கியிருக்கும். பழைய வரலாற்று நூலான சூளவம்சத்தைச் சிங்களத்தில் வாசித்து எங்களுக்குச் சொன்னவர் மேசையில் எதிரே உட்காரும் சிங்கள நண்பர். தன் தூதரைச் சோழர் அங்கவீனப்படுத்தியதால் விஜயபாகு படையெடுக்கத் துணிகிறான். மாந்தைத் துறைக்கும் இன்னொரு துறைக்கும் தளபதிகளை அனுப்புகிறான். வேளைக்காரர் போக விரும்பவில்லை. தளபதிகள் இருவரையும் கொல்கிறார்கள், அரசனின் தங்கை மித்தாவையும் அவளுடைய மூன்று பிள்ளைகளையும் பிடித்துக்கொள்கிறார்கள், அரண்மனையைக் கொளுத்துகிறார்கள். அரசன் தப்பியோடி, பிறகு திரும்பி வந்து தலைவர்களைத் தளபதிகளின் சிதையருகே கட்டி எரிக்கிறான். தம் மொழிக்காரரான சோழரோடு மோத மனமில்லாமல்தான் இப்படிச் செய்தார்கள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். நூல் சொல்வது, போக விருப்பமில்லை என்ற அளவுதான். நான் அந்த அளவோடு நிற்கிறேன். வடுகரும் மலையாளரும் சேர்ந்த படைக்கு ஒரே மொழிப்பற்றை ஏற்றிவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கல்லே, இந்தக் கலகத்தைப் படித்துவிட்டு மறுபடி உன் முன் வந்து நின்ற நாளுக்காகத்தான் உனக்குப் பெரிய கடன்பட்டிருக்கிறேன். தரை சுட்டது, செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். கிரந்தமும் தமிழும் கலந்த வரிகளை விரலால் தொடாமல், காற்றில் கோடு இழுத்தபடி வாசித்தேன். அரசன் மறைந்த பிறகு, முகலன் என்ற மகாதேரர் அழைக்க, அதே வேளைக்காரர் வந்து புத்தரின் தந்தம் இருந்த தளதாய்ப் பெரும்பள்ளியைத் தங்கள் காவலில் ஏற்கிறார்கள். மூன்றுகைத் திருவேளைக்காரன் என்று தங்கள் பெயரையே அதற்குச் சூட்டுகிறார்கள். திருநெல்வேலிச் சீமையில் திருவாலீச்சுரத்திலும் சோழரின் மூன்றுகை மகாசேனை ஒரு சிவன் கோயிலைக் காவலில் எடுத்திருக்கிறது. அங்கே சிவன், இங்கே புத்தரின் தந்தம். காவல் கொடுத்த வாக்கு ஒன்றுதான்.

கல்லே, அதனால் எங்கள் விளையாட்டில் மனவுறுதிக்கு எண் கிடையாது. வாக்கு இருக்கிறது. வேளைக்காரர் காயிடம் எதைக் காக்கிறேன் என்று முதலிலேயே எழுதி வைக்கவேண்டும். அதைக் காக்க நிற்கும்போது அது பின்வாங்காது. அதை விட்டுக் கடல் கடக்கச் சொன்னால் ஆட்டக்காரர் பகடை உருட்டவேண்டும், காய் மறுக்கலாம், திரும்பியும் பாயலாம். முதல்தடவை ஆடியபோது மாந்தைத் துறையில் ஒரு நண்பரின் படை முழுக்கத் திரும்பியது. அவர் கோபப்படவில்லை, விதிப்புத்தகத்தை வாங்கி உன் பெயர்களை உரக்க வாசித்தார்.

கல்லே, அடுத்த பலகை கஜபாகு, பராக்கிரமபாகு என்ற மன்னர்களின் போர். பிறகு பராக்கிரமபாகுவின் ஆட்சியில் கொட்டியாரத்திலும் உன் ஆட்கள் எழுகிறார்கள். மழை ஓய்ந்ததும் கொப்பியோடு வருகிறேன். பரிவாரக்கொந்தத்தைப் பற்றி இன்னும் கேட்க நிறைய இருக்கிறது.