மொழிபெயர்த்தவர் பெயர் என்ன?

ஹாசனிலிருந்து ஓசூருக்கு பஸ்ஸில் வந்துசேர ஒரு பகல் போதும். ஆனால் ஹாசனில் வாழும் பானு முஷ்தாக்கின் கதைகள் பெரும்பாலான தமிழ் வாசகர்களின் காதில் விழ முப்பது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. அதுவும் நேர்வழியில் அல்ல, லண்டனைச் சுற்றிக்கொண்டு.

2025 மே மாதம் அவருடைய ‘ஹார்ட் லாம்ப்’ தொகுப்புக்கு சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. மொத்தம் 12 கதைகள். 1990க்கும் 2023க்கும் இடையில் கன்னடத்தில் எழுதப்பட்டவை. வக்கீலாகவும் பத்திரிகையாளராகவும் பணியாற்றிய பானு முஷ்தாக், கர்நாடகத்தின் பண்டாய இலக்கிய இயக்கத்தில் வளர்ந்தவர். தன்னைச் சுற்றியிருந்த முஸ்லிம் பெண்களின் வாழ்க்கையைத் தயக்கமில்லாமல் எழுதியவர். யாருக்கும் தெரியாமல் மூலையில் உட்கார்ந்து எழுதியவரும் அல்ல. அவரது ‘கரி நாகரகளு’ கதையை கிரீஷ் காசரவள்ளி 2004ல் ‘ஹசீனா’ என்ற படமாக எடுத்தார். அதில் நடித்த தாராவுக்கு தேசிய விருது கிடைத்தது. சினிமா அன்றே கண்டுகொண்ட எழுத்தாளரை அண்டை மொழிகளின் புத்தகப் பக்கங்கள் கண்டுகொள்ள, வெளிநாட்டுப் பரிசு ஒன்று தேவைப்பட்டது.

இது ஒரு தனி எழுத்தாளரின் கதை அல்ல. கீதாஞ்சலி ஸ்ரீயின் ‘ரேத் சமாதி’ ஹிந்தியில் வெளியானது 2018ல். டெய்சி ராக்வெல்லின் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 2022ல் அதே பரிசு கிடைத்த பிறகுதான் நாடு முழுவதும் அந்த நாவலின் பெயர் அடிபட்டது. நடுவில் நான்கு ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஒரு மொழியின் நல்ல புத்தகத்தை அடுத்த மொழிக்காரனுக்குச் சொல்லும் வேலை யாருடையது? ஒரு காலத்தில் அதற்கு ஆள் இருந்தார். அவர் பெயர் மதிப்புரையாளர்.

தமிழுக்கு இது புதிய விஷயமில்லை. காண்டேகரை கா.ஸ்ரீ.ஸ்ரீ. மராட்டியிலிருந்து நேராகவே கொண்டுவந்தார். வங்க நாவல்களை த.நா. குமாரஸ்வாமி மொழிபெயர்த்தார். தகழியின் ‘செம்மீன்’ சுந்தர ராமசாமியின் தமிழில் வந்தது. சாகித்ய அகாதெமியும் நேஷனல் புக் டிரஸ்ட்டும் மலிவு விலையில் வெளியிட்ட பிறமொழி நாவல்களைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறையே இங்கு உண்டு. டில்லியில் இருந்த க.நா. சுப்ரமண்யமும் வெங்கட் சாமிநாதனும் இலக்கியம் பற்றி ஓயாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களது தீர்ப்புகளை ஒப்புக்கொண்டவர்களைவிட எதிர்த்தவர்களே அதிகம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தச் சண்டைகளின் நடுவே வாசகனுக்கு எப்படியோ பத்துப் புத்தகங்களின் பெயர் தெரிந்துவிடும்.

இன்றைக்கும் பத்திரிகைகளில் புத்தகங்களுக்கு இடம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த இடத்தை நிரப்புவது விமர்சனம் அல்ல. வெளியீட்டு விழாச் செய்தி, ஆசிரியர் பேட்டி, நாவலிலிருந்து ஒரு பகுதி, பரிசுப் பட்டியல். காரணம் எளிது. பேட்டிக்கு ஒரு மணி நேரம் போதும். நாவலின் பகுதியைப் பதிப்பகமே தந்துவிடும். விமர்சனத்துக்கோ ஒருவர் 300 பக்கம் படிக்க வேண்டும், பிறகு யோசிக்க வேண்டும், கடைசியில் 600 சொற்களில் எழுத வேண்டும். அதற்குக் கிடைக்கும் சன்மானத்தில் இன்னொரு புத்தகம் வாங்க முடிந்தால் அதிர்ஷ்டம். 1976ல் டில்லியில் தொடங்கிய ‘தி புக் ரெவ்யூ’ போன்ற இதழ்கள் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தது வியாபாரத்தால் அல்ல, சிலரின் பிடிவாதத்தால்.

விமர்சனம் வந்தாலும் மொழிபெயர்ப்பாளரின் கதி பரிதாபம்தான். கட்டுரை முழுக்கக் கதைச்சுருக்கம். கடைசி வரியில் ‘மொழிபெயர்ப்பு சரளமாக இருக்கிறது’ என்று ஒரு சான்றிதழ். சில சமயம் அதுவும் இருக்காது, பெயரே விட்டுப்போயிருக்கும். மூல மொழி தெரியாதவர் ‘சரளம்’ என்று எதை வைத்துச் சொல்கிறார் என்பது அவருக்கே வெளிச்சம். ஆங்கிலம் ஆங்கிலம்போல இருக்கிறது என்பதற்கு மேல் அந்த வார்த்தைக்குப் பொருள் இல்லை.

இத்தனைக்கும் ஓர் இந்திய மொழி வாசகரால் லண்டன் விமர்சகர் சுலபத்தில் சொல்ல முடியாததைச் சொல்ல முடியும். ‘ரேத் சமாதி’யையே எடுத்துக்கொள்ளலாம். கணவனை இழந்த எண்பது வயதுத் தாய் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு எழ மறுக்கிறாள். அது துக்கமா, தியானமா? சமாதி என்ற சொல்லுக்குள் கல்லறையும் உண்டு, யோகியின் நிலையும் உண்டு. ஆங்கிலத் தலைப்பில் கல்லறை மட்டுமே மிஞ்சியது. தமிழ் வாசகருக்கு இதற்கு அடிக்குறிப்பே வேண்டாம், தமிழிலும் அந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தமும் இருக்கிறது.

பானு முஷ்தாக்கின் தலைப்புக் கதை கன்னடத்தில் ‘எதெய ஹணதெ’. ஹணதெ என்பது வெறும் விளக்கு அல்ல, மண்ணால் செய்த அகல். காற்றடித்தால் அணையும், கீழே விழுந்தால் உடையும். அந்தக் கதையின் பெண்ணுக்கும் அதே நிலைமைதான். மடிக்கேரியைச் சேர்ந்த மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்தி, கன்னட, உருதுச் சொற்களைச் சாய்வெழுத்தில் ஒதுக்கிவைக்க மறுத்தார். இந்தச் சொற்கள் இங்கே விருந்தாளிகள் அல்ல என்பது அவர் கட்சி. இது சரியா, ஆங்கிலம் மட்டும் அறிந்த வாசகர் தடுமாற மாட்டாரா? விவாதிக்க வேண்டிய கேள்வி. விவாதிக்கும் இடம் மதிப்புரை.

விவேக் ஷான்பாகின் ‘காச்சர் கோச்சர்’ இன்னும் சுவாரஸ்யம். அந்தச் சொல் எந்த மொழியிலும் கிடையாது. கதைசொல்லியின் மனைவி வீட்டார் சிக்குப்பட்டுப்போனதைக் குறிக்கத் தாங்களே உண்டாக்கிய சொல் அது. ஸ்ரீநாத் பேரூர் ஆங்கிலத்திலும், கன்னடத்திலிருந்து நேராகத் தமிழாக்கிய கே. நல்லதம்பி தமிழிலும் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். மொழிபெயர்ப்பில் எதைத் தொடாமல் விடுவது என்பதும் ஒரு தீர்மானம். அதைக் கவனித்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், மொழிபெயர்ப்பாளரை விமர்சகர்கள் மறந்தாலும் பரிசுக் குழுக்கள் மறக்கவில்லை. சர்வதேச புக்கரின் 50,000 பவுண்டில் சரிபாதி மொழிபெயர்ப்பாளருக்கு. சாகித்ய அகாதெமி 1989 முதலே மொழிபெயர்ப்புக்கென்று தனிப் பரிசு தருகிறது. நல்லதம்பியும் ‘யாத் வஷேம்’ நாவலுக்காக 2022ம் ஆண்டுக்கான அந்தப் பரிசைப் பெற்றவர்தான். ஜேசிபி பரிசு 2018லிருந்து 2024 வரை தேர்ந்தெடுத்த ஏழு புத்தகங்களில் ஐந்து மொழிபெயர்ப்புகள். அவற்றில் ஒன்று ஜனனி கண்ணன் ஆங்கிலத்தில் தந்த பெருமாள்முருகனின் நாவல்.

அப்படியானால் பரிசுகளே போதுமே, விமர்சனம் எதற்கு என்று கேட்கலாம். போதாது. சாகித்ய அகாதெமி அங்கீகரித்த மொழிகள் 24. லண்டன் பரிசோ வருடத்துக்கு ஒரு புத்தகத்துக்குத்தான். அதுவும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு பிரிட்டனிலோ அயர்லாந்திலோ வெளியாகியிருக்க வேண்டும். அந்தச் சல்லடையில் விழாத ஒடியா நாவலும் அசாமியச் சிறுகதையும் இல்லாமல் போய்விடுவதில்லை. ஆனால் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பரிசு ஒரு தீர்ப்பு. அதன்மீது அப்பீல் கிடையாது. விமர்சனம் ஒரு வாதம். வாசகர் அதோடு சண்டை போடலாம், ‘இந்த ஆள் புத்தகத்தைப் படிக்கவே இல்லை’ என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம். பரிசு பெற்ற நாவல் பிடிக்காதவர் தன் ரசனையில்தான் ஏதோ கோளாறு என்று வாயை மூடிக்கொள்கிறார். ஒரு விமர்சகர் முதலில் தைரியமாகச் சொல்லியிருந்தால் அவருக்கும் துணை கிடைத்திருக்கும்.

பெரிய திட்டங்கள் எதுவும் தேவையில்லை. பெங்களூரிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் இரண்டு மொழிகளைச் சரளமாகப் படிக்கும் தமிழர்கள் ஏராளம். அக்கம்பக்கத்து மொழியில் நேற்று வந்த ஒரு நாவலைப் பற்றி அவர்களில் ஒருவர் 600 சொற்கள் எழுதினால், அதை அச்சிட ஒரு ஆசிரியர் அரைப் பக்கம் ஒதுக்கினால் போதும். ஹாசனில் அடுத்த பானு முஷ்தாக் இப்போதே எழுதிக்கொண்டிருக்கலாம். அவரை ஓசூர் வாசகர் இந்தத் தடவையாவது நேர் பஸ்ஸில் சந்திக்கட்டும்.