எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டி

எங்கள் ஊரில் என் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. "டேங்க் ஆபரேட்டர் மகள்" என்றால் தெரியும். 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி ஒன்று. அதற்கு நீர் ஏற்ற ஆழ்குழாய்க் கிணற்றில் ஏழரைக் குதிரைத் திறன் மோட்டார் ஒன்று. இவ்விரண்டுக்கும் நடுவே விடியற்காலை நான்கு மணிக்குச் சைக்கிள் மிதிக்கும் என் தந்தையார். நான் சிறு வயது முதல் அறிந்த ஊராட்சி நிர்வாகம் இவ்வளவே.

முதலாண்டில் இயற்பியல் வகுப்பில் நிலையாற்றல் பாடம் நடந்தது. நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் விடை. பேராசிரியர் கரும்பலகையில் கல்லைத் தூக்கினார். நான் மனத்திற்குள் எங்கள் தொட்டி நீரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். கிணற்றில் நீர்மட்டம் 50 மீட்டர் கீழே. தொட்டியின் உயரம் 12 மீட்டர். ஆக 62 மீட்டர். ஒரு தொட்டி நீரை அவ்வளவு உயரத்திற்கு ஏற்ற ஏறத்தாழ ஐந்து யூனிட் மின்சாரம் போதும் என்று கணக்கு சொல்லிற்று. இழப்பே இல்லாத மோட்டார் பாடப் புத்தகத்தில்தான் உண்டு என்பதை அறிவேன். பாதிக்கு மேல் வீணானாலும் பத்துப் பன்னிரண்டு யூனிட்டுக்குள் முடிய வேண்டுமல்லவா?

2024 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையாருடன் மோட்டார் அறைக்குச் சென்றேன். போடும்முன் ஒருமுறை, தொட்டி நிரம்பி வழிந்த பின் ஒருமுறை மீட்டரைக் குறித்தேன். இரண்டரை மணி நேரத்திற்குச் சற்று மேல் ஓடியிருந்தது. 17 யூனிட்!

எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. சோதனைக்கூடத்திற்கு வெளியே நானாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் அன்றோ! குறித்த தாளை மடித்துப் புத்தகத்தில் வைத்துக்கொண்டேன். தந்தையாரிடம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. இது பின்னால் முக்கியமாகும்.

அக்டோபர் 2 கிராம சபை. ஆண்டில் ஆறு நாள் கூடும் சபை அது. ஊரார் பலர் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவது எங்கள் வழக்கம். ஊராட்சிச் செயலர் வரவு செலவு படித்தார். குடிநீர் மோட்டார், தெருவிளக்கு மின்கட்டணம் நிலுவை என்ற இடம் வந்ததும் எழுந்தேன். கால்கள் நடுங்கின. தாளைப் பார்த்துப் படித்தேன்: ஒரு தொட்டிக்கு 17 யூனிட் ஆகிறது, அவ்வளவு ஆகக்கூடாது, மீதி எங்கே போகிறது என்று பார்த்தால் கட்டணமும் குறையும், நாள் விட்டு நாள் வரும் தண்ணீரும் நாள்தோறும் வரலாம்.

சபையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "அப்ப மீதித் தண்ணி எந்தத் தோட்டத்துக்குப் போச்சுன்னு ஆபரேட்டரக் கேளுங்க!"

எனக்கு உயிரே போய்விட்டது. மின்சாரத்தைக் கணக்கிட்ட எனக்கு இந்தக் கேள்வி வரும் என்பது தோன்றவில்லை. பெற்ற தகப்பனை நானே ஊர் நடுவில் குற்றவாளியாக நிறுத்திவிட்டேன். அவர் வேப்ப மரத்தடியில் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். கிராம சபையில் அவர் பேசி நான் கேட்டதில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"மூணு வருசமாச் சொல்லிட்டுத்தானுங்க இருக்கறேன், தலைவரே. பாலத்துக்குக் கீழ பைப்பு ஜாயிண்டு விட்டுப் போச்சு. சித்திரை வெயில்ல அந்த எடத்துல மட்டும் கோரை பச்சையா நிக்குதே, அது என்ன மழைத் தண்ணியிலயா நிக்குது?"

அந்தக் கோரையை அறியாதவர் எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. "ஆமாஞ்சாமி, என்ற ஆடு அங்கதான் மேயுது" என்றார் ஒரு கிழவி. சபை சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

தலைவர் நல்லவர்தாம், இல்லாத பணத்திற்கு அவர் என்ன செய்வார்? பைப் வாங்கப் பணம் ஒதுக்கலாம், தோண்டக் கூலி கொடுக்க வழியில்லை என்றார். "தோண்டறது நாங்க பாத்துக்கறோமுங்க" என்று இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். தீர்மானம் எழுதப்பட்டது. பகலிலும் எரியும் தெருவிளக்குகளை அந்தந்தத் தெருவில் ஒருவர் அணைப்பது என்றும் சேர்த்து எழுதினார்கள். (எங்கள் தெருவில் அது இரண்டு வாரம் நடந்தது.)

அன்றிரவு சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் தந்தையார் வாய் திறந்தார். "கணக்கெல்லாம் சரிதான், அம்மணி. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா எடத்தையே காட்டியிருப்பனே."

மூன்று ஆண்டுகளாக அவரை யாரும் கேட்கவில்லை என்று சபையில் எனக்குக் கோபம் வந்ததே, கேட்காதவர்களில் நானும் ஒருத்தி. மீட்டரைக் கேட்டேன், அருகில் நின்றவரைக் கேட்கவில்லை.

இச்செய்தியைப் பேராசிரியரிடம் சொன்னபோது, ஓடந்துறை ஊராட்சியைப் பற்றிப் படித்துப் பார் என்றார். மேட்டுப்பாளையத்திற்கு அருகில் உள்ள ஊராட்சி அது. 1996 முதல் 2006 வரை ஆர். சண்முகம் என்பவர் தலைவராக இருந்தார். குடிநீர்த் திட்டம் வந்ததும் அங்கும் மின்கட்டணம் ஏறிற்று. 2003-ல், மரக்கழிவை எரிவாயுவாக்கி மின்சாரம் எடுக்கும் 9 கிலோவாட் கருவியை வைத்து நீர் இறைத்தார்கள். 2006-ல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றையே ஊராட்சி வாங்கிற்று. விலை 1.55 கோடி ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சொந்தச் சேமிப்பு. மீதி வங்கிக் கடன். ஓடந்துறையில் காற்று போதாது. ஆகவே காற்றாலையைப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் உடுமலைப்பேட்டைப் பக்கம் நிறுத்தினார்கள். மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் விட்டு, தங்கள் கணக்கில் கழித்துக்கொண்டு, மிஞ்சியதை வாரியத்திற்கே விற்றார்கள். ஆண்டு உற்பத்தி ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் என்றும் ஊராட்சியின் தேவை 4.5 லட்சம் யூனிட் என்றும் படித்தபோது மலைத்துப் போனேன்.

இதைத் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். காற்றாலையை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "சேமிப்பு நாப்பது லட்சம் இருந்துச்சா?" என்று அதையே இரண்டு முறை கேட்டார். வரி வசூல் ஒழுங்காக நடந்து, குழாய்க்குப் பணம் கட்டி, ஒழுகுவதை அடைத்த ஊரில்தான் அது சேரும் என்பது அவர் எண்ணம். ஒழுகும் குழாயோடு காற்றாலை வாங்கினால் காற்றும் ஒழுகிவிடும் என்றார். கேரளத்தில் வயநாட்டு மீனங்காடி ஊராட்சி, கரியமிலச் சமநிலை காண வேண்டும் என்று 2016-ல் முனைந்து, மரத்தை ஈடாகக் கொண்டு வட்டியில்லாக் கடன் கொடுக்கும் திட்டம் வகுத்ததையும் சொன்னேன். "மரத்துக்கா கடன்!" என்று வியந்தார்.

டிசம்பரில் பைப் வந்தது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தோண்டினார்கள். இடத்தைக் காட்டியவர் தந்தையார்; டீ கொண்டுபோனது நான். இற்றுப்போன ஜாயிண்டை வெளியே எடுத்தபோது அதைச் சுற்றிக் கோரைவேர் பின்னிக் கிடந்தது. மறுநாள் தொட்டி நிரம்ப 13 யூனிட் ஆயிற்று. எனக்கும் அவருக்கும் 11 வராததில் சிறு வருத்தம். மோட்டாரும் பழையது.

அன்றுமுதல் மோட்டார் அறைச் சுவரில் நாள்தோறும் சாக்குக்கட்டியால் யூனிட்டை எழுதிவருகிறார். 2025 பிப்ரவரி வரை 13 என்றே இருந்தது. மே மாதம் ஊருக்குப் போனபோது 14 என்று எழுதியிருந்தது. மறுபடியும் ஒழுகுகிறதா என்று, இம்முறை முதலில் அவரையே கேட்டேன்.

"இல்ல அம்மணி, தண்ணி எறங்கிப் போச்சு. நான் சேர்ந்தப்ப ஆறு பைப்புல மோட்டார் நின்னுச்சு. இப்பப் பத்து. இன்னொண்ணு எறக்கணும்னு சொல்லியிருக்கறேன்."

அறுபத்திரண்டு மீட்டர் என்ற என் கணக்கைத் திருத்தி எழுதிக்கொண்டேன்.